கொயர் மாஸ்டருக்கு ஒரு படிப்பு வேண்டும்: திருச்சபைகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு திறந்த மடல்

பேராயர்களே, ஆயர்களே, சேகரக் குழுவில், அதாவது ஒரு வட்டாரத்துச் சபைகளின் நிர்வாகக் குழுவில், உட்கார்ந்து பட்ஜெட் போடுகிற அண்ணன்மார்களே, அக்காமார்களே, கூடவே சென்னைப் பல்கலைக்கழகத்து இசைப் பேராசிரியர்களே, எல்லோருக்கும் வணக்கம், ஸ்தோத்திரம்.

உங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். தனித்தனியாக எழுதினால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டிவிடுவார் என்ற பயம்தான் காரணம். விஷயம் இதுதான். நம் ஆலயங்களில் ஞாயிறுதோறும் ஆர்கனோ கீபோர்டோ ஆர்மோனியமோ வாசிக்கிறவருக்கும் பாடகர் குழுவை நடத்துகிறவருக்கும் இசையையும் இறையியலையும் வழிபாட்டையும் சேர்த்துச் சொல்லித்தருகிற முழுநேரப் பல்கலைக்கழகப் படிப்பு வேண்டும். எனக்குத் தெரிந்த கொயர் மாஸ்டர்களில் அப்படிப் படித்து வந்தவர் ஒருவர்கூட இல்லை. வங்கியில் வேலை பார்த்தவர், கணக்கு வாத்தியார், ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர், இப்படித்தான் இருக்கிறார்கள். அப்பா வாசித்தார், அதனால் மகன் வாசிக்கிறார். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் இல்லையென்றால் நம் ஆலயங்களில் பாட்டே இல்லை. ஆனால் இத்தனை பெரிய சபைகள், இத்தனை பள்ளிகள் கல்லூரிகள், இத்தனை நூற்றாண்டுப் பாட்டு மரபு, இவ்வளவும் வைத்துக்கொண்டு அந்த ஒரு வேலைக்கு மட்டும் ஆள் தானாக முளைத்து வரட்டும் என்று விட்டிருக்கிறோமே, அதைத்தான் கேட்கிறேன்.

வேறு வேலையாக அமெரிக்காவின் நியூ ஹேவனில் கொஞ்ச காலம் இருக்க நேர்ந்தது. அங்கே யேல் பல்கலைக்கழகத்தில் சமய இசைக்கென்று ஒரு நிறுவனம் இருக்கிறது, இன்ஸ்டிட்யூட் ஆஃப் சேக்ரட் மியூசிக் என்று பெயர். அதன் கச்சேரிகளுக்கும் வழிபாடுகளுக்கும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். அப்புறம் அது எப்படி நடக்கிறது என்று விசாரித்தேன். அதைப் பற்றித்தான் இந்த மடலில் நிறையச் சொல்லப்போகிறேன்.

"யேலா? அதெல்லாம் அமெரிக்காக்காரன் காசு" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. அந்தக் காசின் ஆரம்பம் எங்கே என்று பார்த்தீர்களா? எலைஹூ யேல் நம் சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக வந்து, 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்தவர். கோட்டைக்குள் இன்றும் நிற்கிற தூய மரியாள் ஆலயம் 1680-இல் பிரதிஷ்டை ஆனது, அந்த ஆலயத்தின் திருமணப் பதிவேட்டில் முதல் கல்யாணமே அவருடையதுதான். வைர வியாபாரமும் சொந்த வணிகமும் செய்து பெரும் பணம் சேர்த்தார், கம்பெனியே அவரைப் பதவியிலிருந்து இறக்கும் அளவுக்கு. மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றிய காலத்தில் அந்தக் கோட்டையின் தலைமையில் இருந்தவர் என்பதையும் விட்டுவிட முடியாது. அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புகளுக்காக யேல் பல்கலைக்கழகம் 2024-இல் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. எலைஹூ யேல் 1718-இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் திணறிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கும், 417 புத்தகங்களும், ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்றும் அனுப்பினார். சரக்கை விற்றதில் ஏறக்குறைய 562 பவுண்டு கிடைத்தது, கல்லூரிக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். நம் கடற்கரையில் சேர்ந்த பணத்தில் பெயர் வாங்கிய இடம் அது. அங்கே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க நமக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்றே வைத்துக்கொள்கிறேன்.

சமய இசை நிறுவனம் அதற்கெல்லாம் ரொம்பப் பிந்தியது. நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரியில் 1928 முதல் ஒரு சமய இசைப் பள்ளி இருந்தது. அமெரிக்க ஆலயங்களுக்கு ஆர்கனிஸ்டுகளையும் கொயர் மாஸ்டர்களையும் பல பத்தாண்டுகள் தயாரித்த பள்ளி. பணமுடை வந்தது, 1973-இல் மூடினார்கள். அங்கே கதை முடிந்திருக்கவேண்டியது. ஆனால் அந்தப் பள்ளியின் தலைவராக இருந்த ராபர்ட் பேக்கர் என்ற ஆர்கனிஸ்டும், ஓர் இசை வரலாற்றாசிரியரும், ஒரு குருவானவரும், அலுவலகத்தை நடத்திய ஒரு அம்மாவுமாக நான்கு பேர் மூட்டை கட்டிக்கொண்டு யேலுக்குப் போய்ப் புது நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பேராசிரியர் மூவர், நிர்வாகி ஒருவர், அவ்வளவுதான். பணம் கொடுத்தது இண்டியானா மாநிலத்தின் கொலம்பஸ் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஒரு குடும்ப அறக்கட்டளை. அந்தக் குடும்பத்து ஜே. இர்வின் மில்லர்தான் கம்மின்ஸ் எஞ்சின் கம்பெனியை வளர்த்தவர். ஆமாம், நம் ஊரில் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் ஓடுகிற ஜெனரேட்டரில் பெயர் பார்ப்போமே, அதே கம்மின்ஸ். டீசல் எஞ்சின் விற்ற ஒரு குடும்பம் ஆலய இசைப் படிப்புக்கு மூலதனம் போட்டிருக்கிறது. நம் சபைகளில் தொழில் நடத்துகிறவர்கள் இந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்தால் நல்லது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்த நிறுவனம் தனியாகப் பட்டம் தருவதில்லை. யேலில் இசைப் பள்ளி ஒன்று இருக்கிறது, இறையியல் பள்ளி ஒன்று இருக்கிறது. மாணவர்கள் இந்த இரண்டில் ஏதாவதொன்றில் சேர்ந்து அங்கே பட்டம் வாங்குகிறார்கள், சமய இசை நிறுவனம் இரண்டுக்கும் நடுவில் நின்று அவர்களை ஒன்றாக உட்காரவைக்கிறது, ஒரு சான்றிதழும் தருகிறது. ஆர்கன் வாசிப்பு, கொயர் நடத்துதல், பாட்டு என்று படிக்கிறவர்கள் ஒரு பக்கம். வழிபாடு, சமயமும் கலைகளும், ஆயர் பணி என்று படிக்கிறவர்கள் மறு பக்கம். இரு பக்கத்தாரும் வாரந்தோறும் ஒரு பொது வகுப்பில் கூடவேண்டும். படிப்பின் கடைசி ஆண்டில் இசை மாணவர் ஒருவரும் இறையியல் மாணவர் ஒருவருமாக ஜோடி சேர்ந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அந்த வகுப்பின் முன் பேசவேண்டும். அவ்வளவு பேரும் கேள்வி கேட்பார்கள். யோசித்துப் பாருங்கள், நாளைக்கு ஆயராகப் போகிறவரும் நாளைக்கு ஆர்கனிஸ்டாகப் போகிறவரும் மாணவப் பருவத்திலேயே ஒரே மேசையில் உட்கார்ந்து சண்டை போட்டுப் பழகிவிடுகிறார்கள். நம் ஊரில் இந்த இருவரும் முதல்முறை சந்திப்பதே வெஸ்ட்ரி என்ற ஆயர் அறையில், அதுவும் "பாட்டு ரொம்ப நீளம், இரண்டு சரணத்தோடு நிறுத்துங்க" என்று சொல்லும்போதுதான்.

இன்னொரு விஷயம், இந்த நிறுவனத்தில் சேர்க்கப்படும் மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் முழுவதும் உதவித்தொகையாகக் கிடைத்துவிடுகிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆலய இசைக்காரராகப் போகிறவர் பெரிய சம்பளத்துக்குப் போகவில்லை என்பது அங்கேயும் எல்லோருக்கும் தெரியும். கடன் வாங்கிப் படித்துவிட்டு வெளியே வந்தால் அந்த வேலையில் நிற்கமாட்டார், சினிமாவுக்கோ சாஃப்ட்வேருக்கோ போய்விடுவார். கடன் இல்லாமல் அனுப்பினால்தான் நிற்பார்.

ஆர்கனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. யேலின் வூல்சி அரங்கில் இருப்பது நியூபெரி நினைவு ஆர்கன். 1902-இல் கட்டியது, 1915-இல் பெரிதாக்கினார்கள், 1928-இல் ஸ்கின்னர் கம்பெனி இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது. 12,617 குழல்கள். மிகப் பெரிய குழல்கள் 32 அடி வகை, மிகச் சின்னது பென்சிலைவிடக் குட்டை. அடிக் குழல் ஒலிக்கும்போது காது கேட்பதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பலகை நடுங்குவது தெரியும். ஒவ்வொரு குழலுக்கும் காற்றைத் திறந்துவிடுவது உள்ளே இருக்கிற சின்னஞ்சிறு தோல் பைகள். விசையைத் தொட்டதும் மின்சாரம் போய்ப் பையின் காற்றை விட, பை சுருங்க, அடைப்பு திறந்து குழலுக்குள் காற்று ஏறும். தோல் சில பத்தாண்டுகளில் வெடித்துவிடும், அப்போது ஆயிரக்கணக்கான பைகளைக் கையால் பிரித்துப் புதுத் தோல் ஒட்டவேண்டும். இதற்கென்றே ஆர்கன் காப்பாளர்களை அந்தப் பல்கலைக்கழகம் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கிறது. கடந்த நூற்றாண்டின் நடுவில் ரசனை மாறி, பல ஊர்களில் இந்தக் காலத்து ஆர்கன்களைப் பிரித்து வேறு குரலுக்கு மாற்றினார்கள். இதை யாரும் கெடுக்கவில்லை. அதனால்தான் இன்று அதைக் கேட்க உலகெங்கிலும் இருந்து ஆட்கள் வருகிறார்கள்.

நம் ஊரிலும் பைப் ஆர்கன்கள் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் இருக்கிறது, எழும்பூர் கர்க் என்று நாம் சொல்லும் தூய அந்திரேயா ஆலயத்தில் இருக்கிறது, இன்னும் சில இடங்களில். கப்பலில் வந்தவை. நம் கடல் காற்றும் ஈரமும் கரையானும் எலியும் அந்தத் தோலையும் மரத்தையும் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. ஓர் ஆலயத்தில், பெயர் வேண்டாம், ஆர்கனின் காற்றுப் பெட்டிக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள், மேலே கிறிஸ்மஸ் ஸ்டார் பெட்டி. "வேலை செய்யுதா ஐயா?" என்று கேட்டேன். "சில கட்டை பேசும், சில கட்டை பேசாது" என்றார் ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை. அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் எத்தனை பேர் மிச்சம் என்று கேட்டால் பதில் சங்கடமாக இருக்கும். அந்தக் கைவேலையும் ஒரு படிப்புக்குள் வரவேண்டும்.

இருந்தாலும் சேகரக் குழுவினர் பயப்பட வேண்டாம், நான் பைப் ஆர்கன் வாங்கச் சொல்லவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பள்ளிக்கூடமே கட்டலாம். யேலில் இருந்து நாம் எடுக்கவேண்டியது குழல்களை இல்லை, அந்த ஒட்டுவேலையை. இசைத் துறையையும் இறையியல் துறையையும் ஒட்டியிருக்கிறார்களே, அதை.

அங்கே ஓர் ஆர்கன் மாணவர் என்னவெல்லாம் கற்கிறார் என்று பாருங்கள். பாக் என்ற ஜெர்மன் இசைமேதையின் படைப்புகளை வாசிக்கிறார், சரி. அதோடு ஒரு பாமாலையைச் சபைக்கு வாசிப்பது எப்படி என்று தனியாகக் கற்கிறார். சபையார் எங்கே மூச்சு வாங்குவார்கள், ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு எவ்வளவு இடம் விடவேண்டும், சிலுவையைப் பற்றிய சரணத்துக்கும் உயிர்த்தெழுதலைப் பற்றிய சரணத்துக்கும் எந்த ஸ்டாப்பை, அதாவது குழல் வரிசையைத் திறக்கும் குமிழை, இழுப்பது, எதை மூடுவது. காகிதம் இல்லாமல் அந்த நிமிடத்தில் வாசித்து நிரப்பும் இம்ப்ரொவைசேஷனும் பாடம். திருவிருந்துக்கு வரிசை நீண்டுகொண்டே போகிறது, பாட்டு முடிந்துவிட்டது, இன்னும் நாற்பது பேர் நிற்கிறார்கள், அப்போது என்ன வாசிப்பாய்? நம் ஊரில் முதல் சரணத்தைத் திரும்ப ஆரம்பிப்போம். அங்கே அதற்கு வகுப்பு இருக்கிறது. ஆலய இசைக்கென்று தனிப் பாடப்பிரிவு ஒன்றும் உண்டு, பாமாலைகளின் வரலாறு, வழிபாட்டு முறைகள், இறையியல், கொயர் நடத்தும் திறமை என்று. ஆர்கன் மாணவர்கள் படிக்கும்போதே சுற்றுவட்டார ஆலயங்களில் போய் வாசிக்கிறார்கள். இறையியல் பள்ளியின் மார்க்வாண்ட் சிற்றாலயத்தில் வார நாட்களில் அரை மணி நேர வழிபாடு நடக்கும், வெவ்வேறு சபைப் பிரிவினர் சேர்ந்து நடத்துவார்கள், இசை பெரும்பாலும் மாணவர் கையில். ஒரு நாள் பழைய லத்தீன் பாட்டு, மறுநாள் கறுப்பின மக்களின் காஸ்பல் பாட்டு. தப்பு நடக்கும், ஒருத்தரும் கண்டுகொள்ளமாட்டார்கள், கற்றுக்கொள்ளும் இடம்தானே.

அதே சிற்றாலயத்தில் 2007-இல் டெய்லர் அண்ட் பூடி என்ற வர்ஜீனியா ஆர்கன் கட்டுநர்கள் ஒரு புது ஆர்கனைப் பழைய சுருதியில் வைத்தார்கள். இன்றைய கீபோர்டில் பன்னிரண்டு சுரங்களையும் சம அளவில் நிறுத்தியிருப்பார்கள், எந்தக் கட்டையில் ஆரம்பித்தாலும் ஒரே மாதிரி இருக்கும், எதுவும் முழுச் சுத்தமாக இருக்காது. இந்த ஆர்கன் அப்படி இல்லை. சில இணைவுகள் தேனாக இனிக்கும், சிலவற்றைத் தொடவே முடியாது, ஓநாய் மாதிரி ஊளையிடும். அதைத் தெரிந்தே வைத்திருக்கிறார்கள், பழைய இசையை அதன் சொந்தச் சுருதியில் மாணவர்கள் கேட்கவேண்டும் என்று.

இதைக் கேட்டபோது எனக்குத் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர்தான் ஞாபகத்துக்கு வந்தார். அந்த ஆள் சித்த மருந்து விற்ற காசில் 1912-இல் சங்கீத வித்யா மகாஜன சங்கம் நடத்தி, 1916-இல் பரோடா மாநாட்டுக்குத் தன் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு ஸ்தாயியில் சுருதி 22 இல்லை 24 என்று வாதாடி, 1917-இல் ஆயிரம் பக்கத்துக்கு மேல் கருணாமிர்த சாகரத்தைச் சொந்த அச்சகத்தில் அச்சிட்டார். அவர் கணக்கை ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு, இருக்கட்டும். அவர் ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போன கிறிஸ்தவர், கீர்த்தனைகள் எழுதியவர். சுருதியைப் பற்றி அவ்வளவு எழுதிய மனிதரை நம் சபைகளின் எத்தனை கீபோர்டு வாசிப்பாளர்களுக்குத் தெரியும்? கேட்டுப் பாருங்கள்.

நம் கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்தால் பாட்டின் தலையில் ராகமும் தாளமும் அச்சாகியிருக்கும். சாவேரி, ரூபகம். ஆனந்தபைரவி, ஆதி. அதைப் பார்க்கிறவர் யார்? கீபோர்டு தம்பி முதலில் கொயரின் கட்டையைக் கேட்பான், டிரான்ஸ்போஸ் பட்டனை அதற்கேற்ப மேலே கீழே தட்டுவான், அப்புறம் ரூபகத்துக்கு வால்ட்ஸ் ரிதத்தைப் போடுவான், மூன்று வருகிறதே போதாதா. சாவேரியின் சின்ன ரிஷபத்துக்குக் கீழே அவன் மேஜர் கார்டு ஒன்றை அழுத்தியதும் பாட்டு சாவேரியும் இல்லை வேறு எதுவும் இல்லை என்று ஆகிவிடும். முன்வரிசைப் பாட்டி பழைய மெட்டில் பாடுவார், கீபோர்டு வேறு பக்கம் போகும், மைக் யாரிடம் இருக்கிறதோ அவர் ஜெயிப்பார். இதில் அந்தத் தம்பி மேல் ஒரு தப்பும் இல்லை. அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இந்த ராகங்களை மேற்கத்திய விசைக்கருவியில் எப்படித் தாங்கிப் பிடிப்பது, எங்கே கார்டு போடலாம், எங்கே வெறும் சுருதியோடு விட்டுவிட வேண்டும் என்று உட்கார்ந்து யோசிப்பதுதான் ஒரு பல்கலைக்கழகத் துறையின் வேலை. யேலால் நமக்கு இதைச் செய்துதர முடியாது, அவர்களுக்குச் சாவேரி தெரியாது.

நம்மிடம் சரக்கு இல்லையா என்ன? தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு காலத்திலிருந்து ஜெர்மன் பாட்டுகள் தமிழில் ஞானப்பாட்டாக மாறியிருக்கின்றன. சரபோஜி மன்னரோடு சுவார்ட்ஸ் ஐயர் என்ற மிஷனெரியிடம் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார் தஞ்சைச் சங்கீதத்தை ஆலயத்துக்குள் கொண்டுவந்தார். சோல்ஃபா என்ற எழுத்துச் சுரக்குறிப்பைப் பார்த்து நான்கு குரலில் பாடும் கொயர்கள் திருநெல்வேலிப் பக்கம் கிராமங்களில்கூட இருக்கின்றன, ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷன் ஒரு வரி தெரியாது, ஆனால் டெனர் என்ற ஆண் மேல்குரல் தவறாது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பறட்டை அண்ணன் என்று எல்லோரும் கூப்பிட்ட தியாபிலஸ் அப்பாவு ஐயா, 2005-இல் காலமானவர், பறையையும் கிராமத்து மெட்டையும் வழிபாட்டின் நடுவில் வைத்தார். இறையியல் வாத்தியாரும் இசைக்காரரும் ஒரே ஆளாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவர்தான் நம் ஊர்ச் சாட்சி. அப்படி ஓர் ஆள் தற்செயலாக வந்தால் உண்டு என்ற நிலைமை போதாது என்கிறேன்.

யேலிலும் இப்போது கிறிஸ்தவ இசையோடு நிற்பதில்லை. அங்குள்ள ஸ்கோலா கன்டோரம் என்ற பாடகர் குழு 2003-இல் சைமன் காரிங்டன் தொடங்கியது, அப்புறம் ஜப்பானின் மசாக்கி சுசுகி நடத்தினார், 2013-இல் இங்கிலாந்தின் டேவிட் ஹில் பொறுப்பேற்றார். ரீனா எஸ்மெயில் என்ற இந்திய வம்சாவளி இசையமைப்பாளர் இந்தியாவின் ஏழு சமயங்களின் வாசகங்களை எடுத்து, மேற்கத்திய பழங்காலக் கருவிகளோடு சிதாரும் தபலாவும் சேர்த்து எழுதிய படைப்பை இந்தக் குழு பாடி, அதை இந்தியாவுக்கும் கொண்டுவந்தது. நம் இசையை ஆலய இசையோடு சேர்த்து யோசிக்கிற வேலை நியூ ஹேவனில் நடக்கிறது, நமக்கு அது நிகழ்ச்சி நோட்டீஸாக வந்து சேர்கிறது.

சரி, எல்லாம் அங்கே சொர்க்கம் என்று நினைக்கவேண்டாம். யேல் பணக்காரப் பல்கலைக்கழகம், அதனால் தாக்குப்பிடிக்கிறது. வேறு இடங்களில் ஆர்கன், ஆலய இசைப் படிப்புகளைச் சத்தமில்லாமல் மூடிக்கொண்டிருக்கிறார்கள். ப்ரின்ஸ்டனில் இருந்த வெஸ்ட்மின்ஸ்டர் கொயர் காலேஜ் உலகப் புகழ் பெற்றது, அதை அதன் தாய்ப் பல்கலைக்கழகம் விற்கப் பார்த்தது, நடக்காமல் போகவே 2020-இல் பழைய வளாகத்தை விட்டுத் தன் சொந்த வளாகத்துக்கு இடம் மாற்றியது, வழக்கு வம்பு எல்லாம் ஆயிற்று. ஆகவே மூலதனம் இல்லாமல் வருட பட்ஜெட்டை நம்பித் தொடங்கினால் அடுத்த துணைவேந்தரோ அடுத்த பேராயரோ வந்ததும் கதவை இழுத்துச் சாத்திவிடுவார்கள். யூனியன் பள்ளிக்கு நடந்ததும் அதுதான்.

இப்போது நான் கேட்பது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைத் துறை இருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவத்தைப் பாடமாக நடத்தும் துறையும் இருக்கிறது. யேல் எந்த இரண்டை ஒட்டியதோ ஏறக்குறைய அந்த இரண்டும் நம் கையில் இருக்கின்றன, ஒட்டுகிறவர்தான் வேண்டும். புதுக் கட்டடம் கேட்கவில்லை. இரண்டு துறைகளும் சேர்ந்து ஒரு முதுகலைப் படிப்போ, முதலில் ஒரு டிப்ளமோவோ நடத்தலாம். இசைத் துறை ராகம், தாளம், குரல் பயிற்சி பார்த்துக்கொள்ளட்டும், கிறிஸ்தவத் துறை வழிபாட்டு வரலாறும் பாட்டுகளின் இறையியலும் நடத்தட்டும். ஸ்டாஃப் நொட்டேஷன், சோல்ஃபா, விசைக்கருவி, நான்கு குரல் இசை எல்லாம் சொல்லித்தர சென்னையில் ஆட்களுக்கா பஞ்சம், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்துகிற ஆசிரியர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். செய்முறைப் பயிற்சிக்கு ஆலயங்கள் இருக்கின்றன, ஞாயிறும் ஆறு நாளும். கத்தோலிக்கர், லூத்தரன், சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்து என்று பிரிக்காமல் எல்லோரையும் சேருங்கள். வேற்று மதப் பிள்ளை ஒருவர் ஆர்கன் கற்க வந்தாலும் சேருங்கள், பேராலயத்தில் யார் வாசிக்கிறார் என்று குழலுக்குத் தெரியாது.

சேகரக் குழுவினருக்குத் தனியாக ஒரு வார்த்தை. படிப்பு வந்தால் போதாது, படித்தவருக்கு வேலை வேண்டும். கன்வென்ஷனுக்கு மூன்று நாள் சவுண்ட் சர்வீஸ் போடுகிறவருக்குக் கொடுக்கும் தொகையை ஆர்கன் வாசிப்பவருக்கு ஒரு வருடம் முழுக்கக் கொடுக்காத சபைகளை எனக்குத் தெரியும். "ஊழியந்தானே தம்பி" என்பார்கள். ஆயர் செய்வதும் ஊழியந்தான், அவருக்குச் சம்பளம், வீடு, பி.எஃப். எல்லாம் உண்டு. அதே நீதியில் ஒரு பங்கு இசைக்காரருக்கும் வரட்டும். ஒரே சேகரத்தால் முடியாது என்றால் பக்கத்துப் பக்கத்துச் சேகரங்கள் நான்கு சேர்ந்து ஒருவரை முழுநேரமாக வைத்துக்கொள்ளலாம். அவர் நான்கு கொயர்களையும் பயிற்றுவிப்பார், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோல்ஃபா சொல்லித்தருவார், அந்த நாற்காலிகளை ஆர்கனுக்குப் பின்னால் இருந்து முதலில் எடுத்துப் போடுவார். பேராயர்கள் ஒரு சுற்றறிக்கை விடலாம், முழுநேர இசைப் பணியாளர் என்று ஒரு பதவி உண்டு, அதற்கு இன்ன சம்பளம் என்று. அந்த ஒரு காகிதம் வந்தால் பெற்றோர் பிள்ளையை அந்தப் படிப்பில் சேர்ப்பார்கள், வராவிட்டால் சேர்க்கமாட்டார்கள். நானே சேர்க்கமாட்டேன்.

பணம் உள்ள அண்ணன்மார்களே, உங்கள் அப்பா அம்மா பெயரில் ஆலயத்துக்கு வாசல் வளைவும் கிரானைட் தரையும் போட்டது போதும். நியூபெரி குடும்பத்தார் தங்கள் பெயரை ஓர் ஆர்கனில் வைத்தார்கள், நூறு வருடம் தாண்டியும் நோட்டீஸில் அந்தப் பெயர் அச்சாகிறது. இரண்டு மாணவருக்கு இரண்டு வருடக் கட்டணமும் சாப்பாடும் உங்கள் அம்மா பெயரில் கொடுத்துப் பாருங்கள்.

நான்கு பேர் சேர்ந்தால் ஆரம்பிக்கலாம் என்று 1973-இலேயே ஆகிவிட்டது. இசைத் துறையிலிருந்து ஒருவர், கிறிஸ்தவத் துறையிலிருந்து ஒருவர், ஓர் ஆயர், கணக்கு எழுத ஒருவர். முதல் வருடப் பாடத்திட்டம் எழுத உட்காருகிறோம் என்று சொல்லுங்கள், கீர்த்தனைப் புத்தகமும் பழைய சோல்ஃபா கட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். எந்த நாள் என்றாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், இரண்டு ஆராதனைக்கும் வாசிக்க வேறு ஆள் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் சபைகளில் ஒன்றின் ஆர்கன் பெஞ்சிலிருந்து ஒருவன்